படகுக் கக்கூஸின் பீங்கான் மூக்கு

யோசனை எனக்குச் சேத்தியாத்தோப்பில் வந்தது. பஸ் பஞ்சராகி நின்றிருந்தது. எல்லோரும் இறங்கி டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். நான் இறங்கவில்லை. என் மடியில் ஒரு கக்கூஸ் பீங்கான் இருந்தது.

மச்சானுடைய, அதாவது அக்கா வீட்டுக்காரருடைய, பழைய கைலியில் சுற்றி, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தேன். அப்படியும் அது என்னவென்று மறைக்க முடியவில்லை. சில பொருட்களை எதில் சுற்றினாலும் தெரிந்துவிடும். பரங்கிப்பேட்டையில் ஏறும்போது கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மடியிலயே வெச்சிக்கம்மா, கீழ வெச்சா யாராச்சும் உக்காந்துருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பீங்கானின் அடியில் குறுக்காக ஒரு விரிசல். பின்பக்கம் ஹோஸ் மாட்டுகிற மூக்கில் பாதி இல்லை. விருத்தாசலத்தில் இதை ஒட்டித் தர யாராவது இருப்பார்கள் என்று மச்சான் கொடுத்தனுப்பியிருந்தார். ஜாக்கி ஏற ஏற, பஸ் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டே போனது. பீங்கான் சரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: இதை எதற்கு ஒட்ட வேண்டும்? எங்கள் விருத்தாசலமே பீங்கான் சுடுகிற ஊர். நான் டிப்ளமோ படித்ததும் அதைத்தான். இப்போது பார்க்கிற வேலையும் அதுதான், பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, 'டங்' என்றால் நல்லதென்று இந்தப் பக்கமும் 'டொக்' என்றால் விரிசலென்று அந்தப் பக்கமும் வைப்பது. ஒரு புதுப் பீங்கானையே செய்துவிட்டால் என்ன?

டயர் மாட்டி முடிப்பதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"செய்யத் தெரியுமா?" என்றாள்.

"இதுவரைக்கும் செஞ்சதில்ல."

"நான் அத கேக்கல."

அக்காவின் கேள்விக்குக் காரணம் இருந்தது. மச்சான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே துபாயில், ஒரு பணக்காரருடைய உல்லாசப் படகில் வேலை பார்த்தவர். கல்யாணமாகியும் அக்கா அவரோடு குடித்தனம் நடத்தியது லீவுகளில் மட்டும். ஒருவழியாக வேலையை விட்டுவிட்டு வந்து, கேபின் வைத்த பழைய படகு ஒன்றை வாங்கினார். வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில், பரங்கிப்பேட்டையில், அதைக் கட்டி நிறுத்தினார். குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கழிமுகத்துக் காயலைச் சுற்றிக் காட்டுவதாகத் திட்டம். அக்காவும் அங்கேயே வாடகை வீடு பார்த்துப் போய்விட்டாள்.

ஆண்கள் வந்தார்கள். அவர்கள் வந்து என்ன, படகு நிறைய வேண்டுமென்றால் பெண்கள் வர வேண்டும். பெண்கள் சார்பில் வருகிற போன்களை அக்கா எனக்கு நடித்தே காட்டியிருக்கிறாள். "கக்கூஸு இருக்குதான்னு கேப்பாங்க. இருக்குதும்பாரு. ஓடுதான்னு கேப்பாங்க. அதோட சரி, போன வெச்சிடுவாங்க."

அரைநாள் தண்ணீரில் இருக்க வேண்டிய பயணத்துக்கு உடைந்த கக்கூஸை நம்பி யாரும் ஏற மாட்டார்கள். அந்த மாடலைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. இதற்கிடையில் துபாய்ப் படகின் கேப்டன் திரும்ப வரச் சொல்லி மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரம்ஜான் நோன்புக்கு முன்னால் பதில் சொல்வதாக மச்சான் வாக்குக் கொடுத்திருந்தார்.

"கக்கூஸு ஓடிச்சின்னா இவரு இங்க இருப்பாரு. ஓடலன்னா பிளேன் ஏறிடுவாரு" என்றாள் அக்கா. "நீ படிச்ச படிப்புக்கு இதயாச்சும் செய்யி."

நான் வேலை பார்க்கிற யூனிட்டின் முதலாளியிடம் கேட்டேன். ஃபியூஸ் கட்டை வேகிற சூளையில் ஒரு மூலை போதும் என்றேன். அவர் பீங்கானைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கட்டைங்களுக்கு நடுவுல இத வெச்சா கட்டைங்க என்னம்மா நெனைக்கும்?"

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

படகுக் கக்கூஸ் வீட்டுக் கக்கூஸ் போல இல்லை. மேலே தொட்டி கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பம்ப். அதை ஏற்றி இறக்கினால் வெளியிலிருந்து உப்புத்தண்ணீரை இழுத்து, ஒரு ஹோஸ் வழியாகப் பீங்கானின் பின்பக்கத்து மூக்குக்குள் அடிக்கும். உள்ளே இருப்பதை அதே பம்ப் படகின் அடியிலுள்ள டாங்குக்குத் தள்ளிவிடும். எல்லாம் அந்த மூக்கில் ஹோஸ் எவ்வளவு கெட்டியாக உட்காருகிறது என்பதில் இருக்கிறது.

களிமண் காயும்போது சுருங்கும். சூளையில் இன்னும் சுருங்கும். இதை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே எதையும் செய்வோம். நானும் உடைந்த பீங்கானை இஞ்ச் இஞ்சாக அளந்து, சுருக்கத்துக்குச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, மூன்று பக்கத்திலிருந்து படம் வரைந்தேன். அழகாகவே வந்திருந்தது. அதை அச்சுப் போடுகிற அண்ணனிடம் கொடுத்தேன். அவர் எங்கள் யூனிட்டில் பிளாஸ்டர் அச்சுகளைச் செய்கிறவர். எந்நேரமும் கை முழங்கை வரை வெள்ளையாக இருக்கும்.

"அளவெல்லாம் சரிதானா, பாப்பா?"

"சரிதான் அண்ணே."

இதுதான் எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சு.

அச்சு காய்ந்தது, களிக்குழம்பு ஊற்றினோம், பிரித்தோம், பளபளப்புக்குக் கிளேஸ் பூசினோம். சூளையிலிருந்து வந்ததைத் தட்டிப் பார்த்தேன். டங். வெள்ளை வெளேரென்று இருந்தது. என்னோடு ஃபியூஸ் கட்டை தட்டுகிற அக்காமார்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருத்தர், "இத கொண்டுபோய் கக்கூஸுக்கா வைக்கப் போற?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

மறுபடியும் கைலி, கயிறு, பஸ். பரங்கிப்பேட்டையில் மச்சான் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, ஊட்டமா இருக்குது?" என்றார்.

"புதுசு மச்சான். அப்படித்தான் தெரியும்."

அடியில் போல்ட் மாட்டுகிற துளைகள் நீளவாக்கில் இருந்ததால் இழுத்துப் பிடித்துப் பொருத்திவிட்டோம். மேலே போடுகிற பிளாஸ்டிக் இருக்கைதான் சின்னப் பையனின் தொப்பியைப் பெரிய தலையில் வைத்தது போல நின்றது. பிளாஸ்டிக் வெயிலில் சுருங்கியிருக்கும் என்றார் மச்சான். இருக்கலாம் என்றேன் நானும். பீங்கான் படித்தவளுக்குப் பிளாஸ்டிக் பற்றி என்ன தெரியும்.

ஹோஸ் மூக்கில் ஏறவில்லை.

அக்கா ஒரு கெட்டில் வெந்நீர் கொண்டுவந்தாள். ஹோஸ் முனையை அதில் ஊறவைத்து, சோப்புத் தடவி, நான் பீங்கானைக் கட்டிப்பிடித்துக்கொள்ள மச்சான் தம் கட்டித் தள்ளினார். ஏறியது. கிளிப்பை வைத்து முறுக்கினோம். மச்சான் பம்ப்பை அடித்தார். தண்ணீர் உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். டீ குடித்தோம்.

டீக்குள் ஹோஸ் ஆறிவிட்டது. ஆறிய ஹோஸ் தன் அளவுக்குத் திரும்பப் பார்க்கும். வழுவழுப்பான, தடித்த மூக்கின்மேல் அது திரும்புவதற்கு ஒரே வழி கழன்று வருவதுதான். அக்கா ஆசையாக முதல் ஆளாக உள்ளே போனாள். பம்ப்பை அடித்தாள். பீங்கானின் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு பீச்சல் கிளம்பி அவளுடைய பாவாடை ஓரத்தை நனைத்தது.

வெளியே வந்து ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"இது என்னா தண்ணி?"

"கடத்தண்ணிதான்" என்றார் மச்சான். "வெளியில இருந்து உள்ள வர்ற தண்ணி. சுத்தமானது."

"எங்கேருந்து அடிச்சுது?"

"அந்த... பின்னாடி இருந்து."

"எதுக்குப் பின்னாடி?"

மச்சான் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதோட நான் எப்படித் தொழுவுறது?"

"அது சுத்தமான தண்ணின்னுதானே சொல்றேன். கலக்கவே கலக்காது. வேணும்னா இவளக் கேளு, படிச்சவ."

"சுத்தமானதுதான்கா" என்றேன்.

"சரி, சுத்தம். போட்டுல ஏறுற பொம்பளைங்க ஒவ்வொருத்தருகிட்டயும் நீங்க ரெண்டு பேரும் கதவுக்கு வெளிய நின்னு இத சொல்லப் போறீங்களா?"

அதுதான் விஷயம். கக்கூஸ் தரையில் கிடக்கிற தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. உடுப்பில் பட்டால் பட்டதுதான். வீட்டுக்குப் போய் மாற்றும்வரை தொழ மனசு வராது. ஒரு முறை ஒரு அம்மாவின் புர்கா நனைந்தால் போதும், பரங்கிப்பேட்டையில் மறுநாள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

டெஃப்லான் டேப் சுற்றினோம். ஒழுகியது. இரண்டு பொட்டலம் பிசைந்து ஒட்டுகிற பசையைப் பூசினோம். காய்ந்து, ஹோஸோடு சேர்ந்து அதுவும் கழன்று வந்தது. மச்சான் சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டினார். ஒழுகல் நின்று, கொஞ்சம் யோசித்து, ட்யூபின் மறுமுனையிலிருந்து ஒழுகியது.

"துபாய்ல லீக்கானா என்ன பண்ணுவீங்க மச்சான்?"

"போன் பண்ணுவோம்."

"அப்புறம்?"

"ஆளு வருவான்."

"வந்து என்ன பண்ணுவான்?"

"கதவ சாத்திக்குவான்."

பீங்கானைக் கழற்றிக் கைலியில் சுற்றினேன். கைலியும் அந்த வடிவத்துக்குப் பழகியிருந்தது.

யூனிட்டில் அச்சு அண்ணன் பீங்கானின் மூக்கில் அளவு பார்க்கிற வெர்னியரை வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"தடிச்சுப் போச்சே. எப்படி? நான் சுருக்கம் விட்டுத்தான போட்டேன்."

"என்னண்ணே சொல்றீங்க? நான் சுருக்கம் விட்டுத்தானே வரைஞ்சேன்."

பின்னால் கட்டைகள் டங், டங், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தன.

"அத சொல்ல மாட்டியா நீ?"

"அளவு சரியான்னு கேட்டீங்க. சரின்னேன்."

"எனக்கு வர்ற படத்துல யாரும் சுருக்கம் சேர்த்து வரைய மாட்டாங்க."

"காலேஜுல சேர்த்துதான் வரையச் சொன்னாங்க."

"காலேஜுல அப்புறம் அச்சு யாரு போட்டா?"

"நாங்களே."

"அதான்."

சுருக்கம் என்றால் என்னவென்று தெரியாத ஊரில் இந்தத் தப்பு நடக்காது. எங்களில் ஒருத்தர் மறந்துபோயிருந்தாலும் நடந்திருக்காது. இரண்டு பேரும் கவனமாக இருந்ததால் நடந்தது. இருக்கை சின்னப் பையன் தொப்பி போல நின்றதற்கும் இப்போது காரணம் தெரிந்தது. வெயில்மேல் குற்றமில்லை.

புது அச்சுப் போட்டு, அது காய்ந்து, ஊற்றி, கட்டைகளுக்கு நடுவே மறுபடி ஒரு மூலை கிடைத்துச் சுட்டெடுக்க நோன்பு பாதி ஆகிவிடும். அன்று மதியம் அக்கா போன் செய்தாள்.

"பாஸ்போர்ட்ட எடுத்து வெச்சு பாத்துட்டு இருக்காரு."

"சும்மா பாக்கறாரா இருக்கும்கா."

"தேதி பாக்கறாருடி."

அண்ணனிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேச்சுப் பாக்கலாம்" என்றார். "ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல."

"நான் பொறுப்பு."

"அது ஒடைஞ்சப்புறம் யாரு பொறுப்புன்னு என்னா கெடக்குது?"

கிரைண்டர் வைத்தால் சூட்டில் மூக்கு விண்டுவிடும். அதனால் சாணை பிடிக்கிற கார்போரண்டம் கல்லை வைத்து, தண்ணீர் விட்டு விட்டு, கையாலேயே தேய்த்தோம். நான் தேய்க்கும்போது அவர் தண்ணீர் விட்டார். அவர் தேய்க்கும்போது நான். முதலில் பளபளப்பு போனது. பிறகு மேல்தோல் போனது. கட்டை தட்டுகிற அக்கா ஒருத்தர் போகிறபோக்கில் நின்று, "மூக்குத்தி போடப் போறியாடி அதுக்கு?" என்றார். இன்னொருவர், "அவளுக்கு மாப்ள பாக்கப் போறாங்க, அதான் மூக்க எடுப்பா வெக்கிறா" என்றார். யாருடைய மாப்பிள்ளை, எந்த மூக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வார்கள்.

பழைய பீங்கானின் மூக்கு அளவுக்கு வெர்னியர் வந்தபோது என் கைவிரல்களில் உணர்ச்சி இல்லை. கிளேஸ் போன இடம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. சாதாரண மண்ணென்றால் அந்த இடம் தண்ணீர் குடிக்கும். இது ஃபியூஸ் கட்டைக்குப் போடுகிற கலவை. கிளேஸ் இல்லாமலும் ஒரு சொட்டு உறிஞ்சாது. இதை மட்டும் நான் முன்கூட்டியே திட்டமிட்டிருந்தேன் என்று அண்ணனிடம் சொன்னேன். சூளையில் வேறு கலவை வேகாதே என்றார். அதுவும் உண்மை.

பரங்கிப்பேட்டையில் ஹோஸின் இளகிப்போன முனையை முதலில் வெட்டி எறிந்தேன். புது முனை வெந்நீர் இல்லாமலே, திருகித் திருகித் தள்ளியதில் ஏறியது. சொரசொரப்பில் போய்ப் பிடித்துக்கொண்டது. இந்த முறை இரண்டு கிளிப். ஒன்றின் திருகு மேலேயும் இன்னொன்றின் திருகு கீழேயுமாக வைத்து முறுக்கினேன், ஒரே பக்கம் இழுக்காமல் இருக்க. அக்கா தன்னுடைய முகப் பவுடரைக் கொண்டுவந்து மூக்கைச் சுற்றியும் கீழே தரையிலும் தட்டிவிட்டாள். ஒரு சொட்டு விழுந்தாலும் கோடு தெரியும் என்பது அவளுடைய யோசனை.

மச்சான் அடித்தார். சட்டை நனைகிற அளவுக்கு அடித்தார். பவுடர் அப்படியே இருந்தது. வெளியே போய், நாங்கள் டீ குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். ஹோஸ் ஆற வேண்டியதில்லை, இருந்தாலும் பயம். மறுபடி போய் அடித்தார். அக்கா குனிந்து, கையைப் பின்னால் விட்டு மூக்கைத் தடவி, விரலைப் பார்த்தாள். பவுடர்தான் இருந்தது.

"ம்" என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அந்த வாரமே ஒரு குடும்பம் வந்தது. கல்யாணம் முடிந்த வீடு, முழுக்கப் பெண்கள், சின்னப் பிள்ளைகள். படகில் ஏறியதும் யாரும் கடலைப் பார்க்கவில்லை. வரிசையாக வந்து கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

"பளிச்சுனு வெச்சிருக்காங்க."

"தரையும் காஞ்சிருக்குது."

அவர்களில் மூத்தவர் ஒருவர் மட்டும் நீண்ட நேரம் நின்று பார்த்தார்.

"இதுமேல ஏறி உக்காரணுமா?"

"ஏற வேணாங்கம்மா. நாற்காலியில உக்கார்ற மாதிரி" என்றேன்.

"நாற்காலியிலயா?" என்று கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார், உள்ளே யாரோ தூங்குவது போல.

காயல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தோம். அத்தனை பெண்களில் யாரும் போகவில்லை. ஏழாவது படிக்கிற ஒரு பெண் மட்டும் போனாள். அவளும் அவசரத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. பம்ப்பை அடித்த சத்தம் நிற்கவே இல்லை. அவள் வந்ததும் நான் உள்ளே புகுந்து பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

இறங்கும்போது அந்த மூத்த அம்மா மச்சானிடம் சொன்னார்: "கக்கூஸு ரொம்ப நல்லாருக்குது தம்பி. பெருநாளைக்கு அப்புறம் எங்க சம்பந்தி வூட்டையும் கூட்டிட்டு வரோம். அதுக்குள்ள கீழ உக்கார்ற மாதிரி ஒண்ணு மாத்தி வெச்சிடுங்க. இவ்வளவு செஞ்சிருக்கீங்க, அதயும் செஞ்சிட்டீங்கன்னா நாங்களும் போவோம்."

"செஞ்சிடலாங்கம்மா" என்றார் மச்சான். அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்று வீட்டில் அக்கா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மச்சானுக்குத் துபாயிலிருந்து போன் வந்தது. அக்கா மிக்ஸியை நிறுத்தினாள். மூடியைத் திறக்கவும் இல்லை.

"வாலைக்கும் சலாம் கேப்டன்... இல்ல, இப்ப வர முடியாது... கக்கூஸு வேலை பாதியில நிக்குது... ஆமா, கக்கூஸு... இல்ல, போன் பண்ணினா வர்ற ஆளெல்லாம் இங்க இல்ல. நாந்தான் பாக்கறேன்... இல்ல கேப்டன், இந்த வருஷம் ஆகாது. வேற ஆளப் போட்டுக்குங்க."

அக்கா மிக்ஸியைப் போட்டாள். சட்னி ஏற்கெனவே அரைபட்டிருந்தது, இருந்தாலும் ஓட்டினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய், மேசைமேல் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்து உள்ளே எங்கேயோ வைத்தாள். மச்சான் எங்கே வைத்தாய் என்று கேட்கவில்லை.

இப்போது குத்தவைத்து உட்காருகிற மாதிரி ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். படகுக்கு அப்படி யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் என்ன. படத்தின் மேலேயே பெரிய எழுத்தில், சுருக்கம் சேர்க்கவில்லை என்று எழுதிவிட்டேன். அச்சு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே கையெழுத்தும் போடச் சொன்னார்.

பீங்கான் விஷயம் ஆகிவிடும். உயரம்தான் சிக்கல். பம்ப்புக்கும் ஹோஸுக்கும் இடம் விட்டு, அதற்கு மேலே ஒரு மேடை கட்டி, அந்த மேடையில்தான் பதிக்க வேண்டும். கேபின் கூரை தாழ்வு. மேடையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கும்போது தலை இடிக்குமா, அலையில் படகு ஆடினால் பிடித்துக்கொள்ளக் கம்பியை எந்தப் பக்கம் வைப்பது, இதெல்லாம் தாளில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, மேடை மாதிரி வைத்துப் பார்க்க, அளவு டேப்பும் இரண்டு காலிப் பெயிண்ட் டப்பாவும் ஒரு பலகையும் எடுத்துக்கொண்டு போகிறேன். பலகைமேல் ஏறி உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை. மச்சானைப் படகை ஆட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்றுவிட்டார்.